இடது அறையில் குமிழிகள்

படகின் விளிம்பில் உட்கார்ந்து தயாபரன் கால் துடுப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கழுத்துப் பட்டை அதிர்ந்தது. முதலில் மெதுவாக, பிறகு விடாமல். முக்குளிக்கிற எல்லோரும் அந்தப் பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்து ஒரு பருவம்கூட ஆகவில்லை. அதுவரை அவன் பார்த்த பட்டைகள் எல்லாம் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தன.

படகை நடத்தும் ஃபெலிக்ஸ் ஓடி வந்தான்.

"சார், செவக்குது சார். அப்படியே மல்லாக்கப் படுங்க. எழுந்திரிக்காதீங்க."

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே ஃபெலிக்ஸ்."

"பண்ணாதுதான் சார். மூளைக்குப் போற ரத்தத்துல குமிழி ஓடுற சத்தம் கேட்டாத்தான் இது செவக்கும். படுங்க."

அவன் படுத்தான். முகத்தில் ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்தினார்கள். புதுச்சேரிக் கரை வரும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இது பயப்பட வேண்டிய நேரம் என்று அவனுக்குத் தெரிந்தது. மற்றவர்கள் முகத்தில் அந்தப் பயம் இருந்தது. தன்னிடம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தான். மதியம் எங்கே சாப்பிடுவது என்ற யோசனைதான் இருந்தது.

அது அவனுக்குப் புதிதில்லை. சில வருடங்களாகவே அப்படித்தான். நண்பர்கள் சிரித்தால் ஒரு நொடி தள்ளி அவனும் சிரிப்பான். சென்னையில் அவன் வேலை பார்த்த கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் ஆட்குறைப்பு வந்தபோது, யாரும் செய்ய விரும்பாத அந்த வேலையை அவனிடம் கொடுத்தார்கள். ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, தண்ணீர் டம்ளரை அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்து, இனி வேலை இல்லை என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினான். அடுத்த மாதம் அவனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நிதானமான மனிதர் என்று பாராட்டினார்கள்.

மருத்துவமனையில் டாக்டர் நஸ்ரீன் அவனை ஒரு வாரம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார். ஐம்பதை நெருங்கும் பெண். முக்குளிப்பவர்களின் இதயத்தையும் மூளையையும் மட்டுமே பார்ப்பவர். அவன் திரும்பி வந்த அன்று கையில் ஊசி போட்டு, குலுக்கி நுரைக்க வைத்த உப்புநீரை ஏற்றி, நெஞ்சில் கருவியை அழுத்தியபடி திரையைத் தன் பக்கமிருந்து அவன் பக்கம் திருப்பினார்.

"பாருங்க. இது இதயத்தோட வலது அறை. வெள்ளையா பொங்குது இல்ல, அதெல்லாம் நாங்க விட்ட குமிழி. இப்ப மூச்சப் புடிச்சு நல்லா முக்குங்க... விடுங்க."

கறுப்பாக இருந்த இடது அறைக்குள் வெள்ளைப் புள்ளிகள் பொரி சிதறியது போல் வந்து விழுந்தன.

"அம்மா வயித்துல இருக்கறப்போ எல்லாருக்கும் இந்த ரெண்டு அறைக்கும் நடுவுல ஒரு சின்ன வழி இருக்கும் சார். பொறந்ததும் மூடிக்கும். நாலு பேர்ல ஒருத்தருக்கு முழுசா மூடாது. அவங்களும் நூறு வயசு வரைக்கும் நல்லாத்தான் இருப்பாங்க."

"கடலுக்குள்ள போகாத வரைக்கும்."

"ஆமா. ஆழத்துல இருந்து மேல வர்றப்போ, சோடா மூடியத் திறந்த மாதிரி ரத்தத்துல குமிழி வரும். நுரையீரல் அத வடிகட்டிடும். உங்களுக்குச் சிலது நுரையீரலுக்குப் போகாம இந்த வழியா தாண்டிடுது. இடது பக்கம் வந்துட்டா நேரா மூளைதான்."

மூளையின் படத்தையும் காட்டினார். முன்பக்கத்தில், ஆழத்தில், அரிசி நொய் சிதறியது போல் வெண்மையான தழும்புகள்.

"முன்னாடியெல்லாம் இந்தப் புள்ளியப் பாத்தா 'இருக்கட்டும், ஒண்ணும் செய்யாது'ன்னு விட்டுடுவோம். கை கால் நல்லா வேலை செய்யும், கணக்குப் போடுவீங்க, கார் ஓட்டுவீங்க. இந்த இடத்துல விழுந்தா என்ன ஆகும்னு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு." அவர் படத்தை விட்டு அவன் பக்கம் திரும்பினார். "கடைசியா எப்போ அழுதீங்க சார்?"

தயாபரன் யோசித்தான். "ஞாபகம் இல்ல."

"வீட்டுல யாராவது தவறினாங்களா, இந்தப் பத்து வருஷத்துல?"

"பையன்," என்றான். "ஏழு வயசு. டெங்கு. அஞ்சு வருஷம் ஆச்சு."

மின்சாரக் கட்டணம் கட்டியாயிற்று என்று சொல்கிற குரலில் அதைச் சொன்னான். நஸ்ரீன் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, தழும்புகளில் புது செல்களை விதைத்து வளர்க்கிற சிகிச்சை ஒன்று வந்திருக்கிறது என்றும், வேலை செய்கிறது என்றும் சொன்னார்.

"ஆனா ஒண்ணு. உணர்வு திரும்பி வர்றப்போ இன்னிக்கு நடக்கறதுக்கு மட்டும் வராது. அப்ப வராததெல்லாம் சேர்ந்து வரும். இங்க ஒரு ரிட்டயர்டு ஆபீசர், எப்பவோ செத்துப்போன தங்கச்சிக்காக போன மாசம் தரையில பொரண்டு அழுதாரு. அதனால பாதிப் பேர் இதயத்து வழிய மட்டும் அடைச்சுக்கிட்டு, தழும்ப அப்படியே விட்டுடறாங்க. நான் யாரையும் வற்புறுத்தறதில்ல. நீங்க முடிவு பண்ணிட்டு, வீட்டுல இருந்து ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க."

"வீட்டுல யாரும் இல்ல டாக்டர்."

"மரத்துப்போன இடம் எவ்வளவுன்னு மரத்துப்போனவங்களால சொல்ல முடியாது சார். உங்களோட இருந்தவங்க யாராவது வேணும்."

வசுமதி திருச்சியிலிருந்து வந்தாள். அங்கே ஒரு கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டு அக்காவுடன் இருந்தாள். பிரிந்து நான்கு ஆண்டுகளாகியும் விவாகரத்துக் கேட்டு இருவருமே நீதிமன்றத்துக்குப் போகவில்லை. அவள் தலையின் முன்பகுதி நன்றாக நரைத்திருந்தது. அதைத் தயாபரன் கவனித்தான். சாயம் பூசுவதை நிறுத்திவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டான்.

டாக்டர் சொன்னதையெல்லாம் அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். திரையில் புள்ளிகளைப் பார்த்தாள்.

"இது அன்னிக்கே இருந்துச்சா?" என்று கேட்டாள். "எங்க நவா போனப்போ?"

"சிலது அதுக்கு முந்தினது மேடம். சிலது அதுக்கப்புறம். எது எதைச் செஞ்சதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது."

"அப்புறம் கடலுக்கு ரொம்ப அடிக்கடி போவாரு. மாசத்துக்கு ஒரு தடவைன்னு இருந்தது, வாரா வாரம் ஆச்சு."

"ஆமா. நிறைய பேர் அப்படித்தான். மேல வந்ததும் மனசு அமைதியா இருக்குன்னு சொல்வாங்க. என்ன நடக்குதுன்னு தெரியாது, ஆனா உடம்பு அந்த அமைதியத் தேடும்." நஸ்ரீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப இது வெளிய தெரிஞ்சுபோச்சு. ஏதோ ஒரு தீவுல ஒரு விடுதி நடத்தறாங்களாம். யாரையாவது பறிகொடுத்தவங்க வந்தா, இதயத்துல வழி இருக்கான்னு பாத்து, இருந்தா கீழ கூட்டிட்டுப் போறாங்க. வேணும்னே வேகமா மேல இழுக்கறாங்க. இங்ககூட வந்து கேக்கறாங்க மேடம், எனக்கு வழி இருக்கான்னு பாருங்கன்னு. பக்கவாதம் வந்து படுத்தாலும் பரவாயில்லையாம்."

வசுமதி தலையை மட்டும் ஆட்டினாள்.

கீழே உணவகத்தில் காபி வாங்கிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவளுக்குச் சர்க்கரை பாதி போதும் என்பது அவனுக்கு நினைவிருந்தது. அதைச் சொல்லித்தான் வாங்கினான். அவள் அந்தக் காபியைத் தொடவில்லை.

"நான் உங்கள என்னல்லாம் நெனச்சேன் தெரியுமா?"

"சொன்ன. கல்லுன்னு."

"பிள்ளைய நடு வீட்டுல வச்சிருக்கோம். வாசல்ல ஷாமியானா கால் சாஞ்சிருக்குன்னு நீங்க போய் நிமித்திட்டு இருந்தீங்க. எங்க மாமா பாத்துட்டு என்கிட்ட வந்து சொன்னாரு. அதக்கூட விட்டேன். ஆம்பளைங்க அப்படித்தான்னு. அவன் ரூம்ல..." அவள் நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டாள். "காலேஜ்லேர்ந்து வர்றேன். அவன் ரூம்ல நீங்க கடல்ல போட்டுக்கற அந்தக் கறுப்பு உடுப்பு தொங்குது. தண்ணி சொட்டுது. அவன் கட்டில் மேல. ஏன்னு கேட்டா, இங்கதான் காத்து வருதுன்னு சொன்னீங்க."

"காத்து வரும். மேற்கு ஜன்னல்."

"ஆமா. மேற்கு ஜன்னல்."

அவள் சிரித்தாள். அது சிரிப்பா என்று அவனால் சொல்ல முடியவில்லை. பக்கத்து மேசையில் யாரோ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள்.

"அன்னிக்குப் பொட்டியத் தூக்கிட்டு வந்தேன். நாலு வருஷமா உங்க மேல கோவப்பட்டுத்தான் நான் எழுந்திரிச்சிருக்கேன். காலைல கண்ணு முழிச்சா அவன் இல்லன்னு மொதல்ல வரும். அப்புறம் உடனே நீங்க வருவீங்க. அந்த ஆளுக்கு ஒண்ணுமே இல்ல பாருன்னு. அந்தக் கோவத்துல எழுந்து குளிச்சிடுவேன். இப்ப டாக்டரம்மா அதையும் வாங்கிட்டாங்க. வியாதின்னு சொல்லிட்டாங்க. இனிமே யார் மேல கோவப்படறது?"

"என் மேலயே படலாம். எனக்கு ஒண்ணும் இல்ல," என்றான்.

"அதான். உங்களுக்கு ஒண்ணும் இல்ல." அவள் குவளையை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "தூங்கறீங்களா நல்லா?"

"ம்."

"கனவு?"

"வர்றதில்ல."

"சாப்பாடு?"

"நல்லாத்தான் சாப்பிடறேன்."

அவள் அவனையே பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. வெயிலில் வெகுதூரம் நடந்து வந்த ஒருத்தி, குளிர்சாதனக் கடைக்குள் உட்கார்ந்திருப்பவனைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பது போலப் பார்த்தாள். அது அவனுக்குப் புரியவில்லை. அவன் தன் முடிவைச் சொன்னான்.

"நான் விதைப்பு வேண்டாம்னு நெனைக்கறேன் வசு. வழிய மட்டும் அடைச்சுக்கறேன். இப்ப எனக்கு எந்தக் கஷ்டமும் இல்ல. வேலை நல்லாப் போகுது. இல்லாத வலிய எதுக்குப் போய் வாங்கணும்?"

"சரிதான்," என்றாள். "நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன்."

மறுபடி மேலே போனபோது, டாக்டரின் மேசைக்கு முன்னால் வசுமதி உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டர், எனக்கு அந்த டெஸ்ட் எடுக்க முடியுமா? நொரைத் தண்ணி டெஸ்ட்."

நஸ்ரீன் நிமிர்ந்தார். "நீங்க டைவிங் போவீங்களா மேடம்?"

"இல்ல. நீச்சலே தெரியாது."

"அப்ப எதுக்கு?"

"சும்மா. தெரிஞ்சுக்கத்தான்."

"எதுக்குக் கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா நல்லது. நான் விளக்க வேண்டியதில்ல." அவள் குரல் வகுப்பில் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி தெளிவாக இருந்தது. "டெஸ்ட் தானே டாக்டர். நான் இப்பவே போய்க் கடல்ல குதிக்கப் போறதில்ல. எனக்கும் ஒரு வழி இருக்கா இல்லையான்னு தெரிஞ்சா போதும். இருக்குன்னா, போகணும்னு இல்ல. இருக்குன்னு தெரிஞ்சாலே கொஞ்ச நாள் ஓட்டிடுவேன்."

டாக்டர் தயாபரனைப் பார்த்தார். அவன் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். அவன் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரும்பாலும் இருக்காது," என்று கடைசியில் நஸ்ரீன் எழுந்தார். "நாலுல மூணு பேருக்கு இருக்காது. மனசுல வச்சுக்குங்க."

வசுமதி இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். தயாபரன் சுவரோரம் நின்று திரையைப் பார்த்தான். அவள் இதயம் அவன் எதிர்பார்த்ததைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. வலது அறை வெள்ளையாகப் பொங்கியது.

"மூச்சப் புடிங்க. முக்குங்க. விடுங்க."

இடது அறை கறுப்பாகவே இருந்தது.

"இன்னொரு தடவை," என்றாள் வசுமதி.

மறுபடி செய்தார்கள். அவள் கழுத்து நரம்பு புடைக்க முக்கினாள். முகம் சிவந்து கண்ணில் நீர் கோத்தது. வெண்மை அந்த நடுச்சுவர் வரைக்கும் வந்து, அங்கேயே நின்று சுழன்று, கீழே இறங்கிப் போனது. ஒரு புள்ளிகூடத் தாண்டவில்லை.

"அருமையான இதயம் மேடம்," என்றார் நஸ்ரீன் மெல்ல. "எந்தக் குறையும் இல்ல."

நல்ல செய்தி கேட்ட முகங்களைத் தயாபரன் பார்த்திருக்கிறான். கட்டடம் உறுதியாக இருக்கிறது, இடிக்க வேண்டாம் என்று சொல்லும்போது வீட்டுக்காரர்கள் முகம் எப்படி மலரும் என்று அவனுக்குத் தெரியும். வசுமதி முகம் அப்படி மலரவில்லை. மருத்துவமனையில் அன்று, நவாவைப் பார்த்த டாக்டர் வெளியே வந்து தலையைக் குனிந்து நின்றபோது அவளிடம் எந்த முகம் இருந்ததோ, அதுவே மறுபடி இருந்தது. அவள் ரவிக்கையைச் சரிசெய்து, முந்தானையை இழுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தோள்கள் அசையவில்லை.

அவனுக்கு நெஞ்சு பதறவில்லை, தொண்டை அடைக்கவில்லை. ஆனால் அவன் தொழில் அவனுக்கு ஒன்றைக் கற்றுக் கொடுத்திருந்தது. ஒரு தளத்தை இரண்டு தூண்கள் தாங்கும்போது, ஒரு தூண் தன் பாரத்தை விட்டுவிட்டால் அந்தப் பாரம் எங்கேயும் போய்விடாது. அடுத்த தூணுக்குப் போகும். அந்தத் தூண் வெளியே ஒன்றும் காட்டாமல் வெகுநாள் நிற்கும். இவள் ஐந்து வருடமாக இரண்டு பேருக்கான பாரத்தை வைத்துக்கொண்டு நிற்கிறாள். இதில் உணர வேண்டியது எதுவும் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

"டாக்டர்," என்றான். "விதைப்பு எப்போ ஆரம்பிக்கலாம்?"

சுவரைப் பார்த்தபடியே வசுமதி சொன்னாள், "வேண்டாங்க. உங்களுக்குத் தெரியாது அது என்னன்னு."

"தெரியாது. அதனாலதான் சொல்றேன். தெரிஞ்சா சொல்ல மாட்டேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இதயத்து வழியைத் தொடையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் விட்டு அடைத்தார்கள். செல்களைக் கழுத்து வழியாக ஏற்றினார்கள். சென்னைக்குத் திரும்பி வேலைக்குப் போனான். வாரங்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை. நஸ்ரீன் போனில் கேட்டபோதெல்லாம், ஒன்றும் இல்லை, சில பாட்டுகள் சத்தமாகக் கேட்கிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான் என்றான். வசுமதி ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. சிகிச்சை எல்லோருக்கும் பலிக்காது போல என்று அவன் நினைக்க ஆரம்பித்திருந்தான்.

பெருங்குடியில் ஒரு கட்டடத்தின் நாலாவது தளத்தில் கம்பி கட்டியிருப்பதைச் சரிபார்க்கப் போயிருந்தான். மத்தியான வெயில். தள மேற்பார்வையாளர் அளவு நாடாவை நீட்டி, "சார், கம்பிக்கு மேல காங்கிரீட் கவர் எவ்வளவு விடணும்?" என்று கேட்டார். எத்தனையோ ஆயிரம் முறை சொன்ன பதில்தான். தயாபரன் வாயைத் திறந்தான். பதில் வரவில்லை, மூச்சுதான் வெளியே போனது. திரும்ப உள்ளே வரவில்லை.

மாரடைப்பு என்றுதான் முதலில் நினைத்தான். சிமெண்ட் மூட்டைகள்மேல் உட்கார வைத்தார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். பிறகு அந்தக் காய்ச்சல் நாள் வந்தது. வெள்ளிக்கிழமையே நவாவுக்கு உடம்பு சுட்டது. சனிக்கிழமை விடியலில், முக்குளிக்க வருவதாகச் சொன்ன வாக்கு என்று இவன் புதுச்சேரிக்குக் கிளம்பினான். கட்டிலில் இருந்தபடியே பையன், "அப்பா, மீன் பாத்தா என்னப் பத்திச் சொல்லுங்க" என்றான். நடந்தது என்ற அளவில் இவ்வளவு காலமும் அது நினைவில் இருந்தது. இப்போது அந்தக் குரலோடு வந்தது. காய்ச்சலில் சற்றுக் கரகரத்த, தூக்கக் கலக்கமான குரல்.

அவன் போனை எடுத்து வசுமதியை அழைத்தான்.

"சொல்லுங்க. கிளாஸ்ல இருக்கேன்."

அவன் வாயைத் திறந்தான். காற்று மட்டும் போனது.

"ஹலோ? ஏங்க?"

"நவா," என்றான். அதற்கு மேல் அந்தப் பெயர் அவனை விடவில்லை.

மறுமுனையில் பிள்ளைகளின் சலசலப்பு கேட்டது. வசுமதி அவர்களிடம் ஏதோ சொன்னாள். பெஞ்சுகள் இழுபட்டன, காலடிகள், ஒரு கதவு சாத்துகிற ஓசை.

"வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

அவன் தலையாட்டினான். போனில் அது தெரியாது என்பது நினைவுக்கு வந்து, "ம்" என்றான்.

"உக்காந்திருக்கீங்களா?"

"ம். தாங்க முடியல வசு. இதோட எப்படி நீ... எப்படி எழுந்திரிச்ச?"

அவள் மூச்சு உடைவது அவனுக்குக் கேட்டது. வெகுநேரம் தூக்கிப் பிடித்திருந்ததை யாரோ மறுபக்கம் கை கொடுத்ததும் இறக்குகிறவளின் மூச்சு.

"அப்படித்தாங்க இருக்கும்," என்றாள் அழுதுகொண்டே. "போன வைக்காதீங்க. நானும் வைக்க மாட்டேன்."

திருச்சியில் அடுத்த வகுப்புக்கான மணி அடித்தது. அவள் போகவில்லை.